வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை! ஸ்பேஸ் ஷட்டிலை நேரில் பார்க்கப் போகும் மாடல் பிரியர்களுக்கு...

ஸ்பேஸ் ஷட்டில் ஸ்கேல் மாடல் கிட் ஒன்றை வாங்கிப் பிரித்து, உள்ளே இருக்கும் செய்முறைத் தாளைப் பாருங்க. மேல் பக்கம் வெள்ளை, அடிப்பக்கம் கறுப்பு, இறக்கை விளிம்பில் ஒரு சாம்பல் பட்டை. மூணு டப்பா பெயின்ட் இருந்தால் வேலை முடிந்தது என்கிற மாதிரி இருக்கும். அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிஜமான ஷட்டிலுக்கு எதிரே போய் நின்றால், சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். ஏன்னா, நிஜ ஷட்டிலில் சுத்தமான வெள்ளையும் கிடையாது, சுத்தமான கறுப்பும் கிடையாது.

அதை நேரில் பார்க்க வாய்ப்பிருக்கா என்றால், இருக்கு. விண்வெளிக்குப் போன ஷட்டில்கள் மொத்தம் ஐந்து. அதில் சேலஞ்சர் 1986-லும், கொலம்பியா 2003-லும் அழிந்துபோயின. மிச்சம் மூன்று. டிஸ்கவரி வாஷிங்டன் பக்கத்தில் வர்ஜீனியாவிலும், அட்லான்டிஸ் ஃப்ளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்திலும், எண்டெவர் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருக்கின்றன. இவற்றோடு, விண்வெளிக்கே போகாமல் 1977-ல் தரையிறங்கும் சோதனைகளுக்காக மட்டும் பறந்த என்டர்பிரைஸ், நியூயார்க்கில் இன்ட்ரெபிட் என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கிறது.

மாடல் செய்பவர்களின் கண்ணோடு பார்த்தால் நான்கும் நான்கு விதம். அட்லான்டிஸை 43.21 டிகிரி சாய்த்து, சரக்கறைக் கதவுகளைத் திறந்து, பறந்துகொண்டிருக்கிற நிலையில் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்துவைத்து மாடல் செய்யப்போகிறவர்கள் அங்கேதான் போகணும். எண்டெவரை, நிஜமான எரிபொருள் தொட்டி, பூஸ்டர் ராக்கெட்டுகளோடு சேர்த்து ஏவுதளத்தில் நிற்கிற மாதிரி நிமிர்த்தி அடுக்கிவிட்டார்கள். அந்தக் கோலத்தில் உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். ஆனால், அதற்கான புதிய கட்டடம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்க. என்டர்பிரைஸைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. அதன் உடம்பில் இருக்கும் டைல்களில் பெரும்பாலானவை நிஜ வெப்பக் காப்பு டைல்கள் அல்ல. நுரைப் பொருளில் செய்த போலிகள். இறக்கை விளிம்பும் ஃபைபர்கிளாஸ்தான். அதைப் பார்த்துவிட்டு வந்து டிஸ்கவரிக்குப் பெயின்ட் அடித்தால் சரிவராது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் டிஸ்கவரியைப் பற்றியது. காரணம், அது சக்கரங்களை ஊன்றித் தரையில் நிற்கிறது. சுற்றிச் சுற்றி வரலாம். மாடிப் பாலத்தில் ஏறி மேலிருந்தும் பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. அது இருக்கும் உத்வார்-ஹேஸி மையம், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. ஹெர்ண்டன், ஆஷ்பர்ன், சான்டிலி என்று நம்மூர் ஆட்கள் நிறைய குடியிருக்கும் வட்டாரம். மகன், மகள் வீட்டுக்கு மூணு மாசம், ஆறு மாசம் என்று போகிற அப்பா அம்மாக்களுக்கு அது பக்கத்துத் தெரு மாதிரி. நுழைவு இலவசம், கார் நிறுத்தத்தான் காசு.

டிஸ்கவரி 1984 ஆகஸ்ட் 30-ல் முதன்முதலாகப் பறந்தது. 2011 மார்ச் 9-ல் கடைசியாகத் தரையிறங்கியது. மொத்தம் 39 பயணங்கள், சேர்த்துப் பார்த்தால் 365 நாள்கள் விண்வெளியில். ஹப்பிள் தொலைநோக்கியை 1990-ல் கொண்டுபோய் விட்டது இதுதான். 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸ் முதன்முதலாக விண்வெளிக்குப் போனதும் இதில்தான். இத்தனை தடவை காற்று மண்டலத்தில் உரசிப் பழுத்துத் திரும்பிய உடம்பு அது. அதைக் கழுவிப் புதுசாக்காமல், தரையிறங்கிய கோலத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு அதுதான் வேணும்.

வெள்ளை என்பது மூணு பொருள்

முதலில் மேல்பக்கம். தூரத்தில் வெள்ளையாகத் தெரிவது, பக்கத்தில் போனதும் மூணு தனித்தனிப் பொருளாகப் பிரிகிறது. காக்பிட்டைச் சுற்றிய பகுதிகளில் வெள்ளை டைல்கள். பக்கவாட்டில் பெரும்பகுதி துணி. ஆமாம், துணிதான். சிலிக்கா நாரை உள்ளே வைத்துத் தைத்த மெத்தை. நம் வீட்டுப் பஞ்சு மெத்தையில் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓடுமே, அந்த மாதிரி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கட்டங்களாகத் தையல் தெரியும். மூணாவது, சரக்கறைக் கதவுகளின் மேல்பகுதி போன்ற சூடு குறைந்த இடங்களில் ஒட்டியிருக்கும் கம்பளி மாதிரியான விரிப்பு. அதில் தையலும் இல்லை, கட்டமும் இல்லை.

மூணும் வெளிச்சத்தை மூணு விதமாகக் காட்டும். டைலில் மெல்லிய பளபளப்பு. துணியில் பளபளப்பே இல்லை. விரிப்பு இரண்டுக்கும் நடுவில். நிறமும் அப்படித்தான். சில இடங்கள் சுண்ணாம்பு வெள்ளை, சில இடங்கள் பாலேடு, வால் பக்கம் இருக்கும் இரண்டு புடைப்புகளின் முன்பகுதியில் டீ சிந்திக் காய்ந்த வேட்டி மாதிரி ஒரு பழுப்பு. காற்று எந்தத் திசையில் ஓடியதோ அந்தத் திசையிலேயே கறைகள் இழுபட்டிருக்கும். மாடலில் 'வெதரிங்' என்று கண்ட இடத்தில் அழுக்கைப் பூசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்கணும். ஷட்டிலின் அழுக்குக்கு ஒரு திசை இருக்கிறது. அது சாலையில் ஓடிய லாரியின் சேறு இல்லை.

கறுப்பு என்பது ஐம்பது சாம்பல்

அடுத்து டைல்கள். ஷட்டில் ஒன்றின் உடம்பில் சுமார் 24,000 டைல்கள். கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா நாரில் செய்தவை, உள்ளே பெரும்பகுதி காற்றுதான். கறுப்பு டைலின் மேல்பூச்சு ஒருவகைக் கண்ணாடி. 1,260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். வழக்கமான கறுப்பு டைல் 15 சென்டிமீட்டர் சதுரம். ஆனால், வளைவுகளிலும் கதவு ஓரங்களிலும் வரும்போது சதுரம் எல்லாம் காணாமல்போய், ஒவ்வொன்றும் ஒரு வடிவமாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு டைலுக்கும் தனி எண். கிட்டத்தில் போனால் அந்த எண்களை நீங்களே படிக்கலாம். ஒவ்வொரு டைலிலும் ஊசி முனையளவு ஒரு துளையும் இருக்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அந்த வழியாக ஒரு ரசாயனத்தை ஊசியால் ஏற்றுவார்கள். 24,000 டைலுக்கும்!

பல பயணம் போன டைல் வெளுத்துச் சாம்பலாகியிருக்கும். புதிதாக மாற்றப்பட்ட டைல் அதன் நடுவில் கன்னங்கரேலென்று தனியாகத் தெரியும். பழைய ஓட்டு வீட்டில் உடைந்த ஓட்டை மாற்றியது எப்படிக் காட்டிக்கொடுக்குமோ, அதே கதை. இந்தக் கறுப்பும் சாம்பலும் கலந்த சதுரங்கப் பலகை டிஸ்கவரிக்கு ஒரு மாதிரி, அட்லான்டிஸுக்கு வேறு மாதிரி. அது அந்தந்த ஷட்டிலின் கைரேகை. இதைத்தான் கேமராவில் அள்ளிக்கொண்டு வரணும்.

டைல்களின் வரிசை ஒரே திசையில் ஓடாது என்பதையும் கவனியுங்க. மூக்கை நெருங்கும்போது வளையும், சக்கரக் கதவு ஓரத்தில் திசை மாறும். கிராஃப் தாள் மாதிரி நேர்க்கோடு போட்டுக் கீறிவைத்திருக்கும் மாடல்கள் ஏன் பொம்மை மாதிரித் தெரிகின்றன என்பது அங்கே நின்றால் புரிந்துவிடும்.

டைல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சுமார் ஒரு மில்லிமீட்டர். சில இடங்களில் அந்த இடைவெளியில் பீங்கான் துணி போன்ற மெல்லிய பட்டையைச் செருகியிருப்பார்கள். 2005 ஆகஸ்ட்டில் இதே டிஸ்கவரி விண்வெளி நிலையத்தில் இணைந்திருந்தபோது, அடிவயிற்றில் இரண்டு இடத்தில் அந்தப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். திரும்பி வரும்போது அந்தச் சின்ன நீட்டல் காற்றோட்டத்தைக் கெடுத்து வெப்பத்தைக் கூட்டிவிடுமோ என்று பயம். ஸ்டீபன் ராபின்சன் என்ற விண்வெளி வீரர் ரோபோ கையில் நின்றபடி அடிவயிற்றுக்குக் கீழே போய், இரண்டு விரலால் பிடித்து இழுத்து எடுத்தார். நம்ம மாடலில் கண்ணுக்கே தெரியாத ஒரு கோட்டுக்கு, நிஜத்தில் அவ்வளவு கனம்.

அந்தச் சாம்பல் விளிம்பு

கிட்டின் செய்முறைத் தாளில் ஒற்றை வரியில் முடிந்துபோகும் இடம், இறக்கையின் முன்விளிம்பு. நேரில் பார்க்கும்போது கொஞ்சம் மௌனமாக நிற்க வேண்டிய இடமும் அதுதான். இறக்கைக்கு 22 தனித்தனி வளைந்த தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய இணைப்புப் பட்டை. கார்பன் நாரை கார்பனாலேயே இறுக்கிச் செய்தவை. மூக்கு நுனியும் அதே பொருள். சுமார் 1,650 டிகிரி வரை தாங்கும். நிறம், அடுப்புச் சாம்பலுக்கும் ஸ்லேட்டுக்கும் நடுவில். தகட்டுக்குத் தகடு லேசாக மாறும்.

2003 ஜனவரி 16. கொலம்பியா ஏவப்பட்ட 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த ஒரு நுரைத்துண்டு இடது இறக்கையின் எட்டாவது தகட்டுப் பகுதியில் மோதியது. பிப்ரவரி 1-ல் பூமிக்குத் திரும்பும்போது, அந்த உடைப்பின் வழியே புகுந்த வெப்பம் இறக்கையை உள்ளிருந்து உருக்கியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரை நாம் இழந்தோம். விசாரணையின்போது, நுரை மோதினால் என்னவாகும் என்று சோதிக்க, முதலில் எடுத்துப் பயன்படுத்தியது என்டர்பிரைஸின் ஃபைபர்கிளாஸ் விளிம்புத் தகடுகளைத்தான்.

டிஸ்கவரியின் இடது இறக்கை முன்னால் நின்று, உடம்பை ஒட்டிய பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணி எட்டாவது தகட்டைப் பாருங்க. அளவு, வளைவு, சேரும் இடம் எல்லாம் புரியும். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து மாஸ்கிங் டேப் ஒட்டும்போது, அந்தப் பட்டையை ஒரே நிறத்தில் இழுத்துவிட கை வராது.

கிட்டப் பார்த்தது எல்லாம் மாடலுக்கு அல்ல

இப்போது கொஞ்சம் கணக்கு. ஷட்டிலின் நீளம் 37.2 மீட்டர். 1/72 அளவில் அது சுமார் 52 சென்டிமீட்டர். 1/100 என்றால் 37, 1/144 என்றால் 26, 1/200 என்றால் 18 சென்டிமீட்டர் சொச்சம். 15 சென்டிமீட்டர் டைல், 1/72-ல் இரண்டு மில்லிமீட்டர், 1/144-ல் ஒரு மில்லிமீட்டர். இதுவரை பரவாயில்லை. டைல்களின் இடைவெளி? ஒரு மில்லிமீட்டரை 72-ஆல் வகுத்தால் 0.014. தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. எந்த அச்சிலும் அதை வார்க்க முடியாது. கிட்டில் ஆழமாகக் கீறியிருக்கும் டைல் கோடுகளை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், விரலையே விடலாம்!

தூரத்துக்கும் இதே கணக்குதான். 1/72 மாடலை 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்ப்பது, நிஜ ஷட்டிலை சுமார் 22 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். 1/144 என்றால் 43 மீட்டர். அதனால், அருங்காட்சியகத்தில் தடுப்புக் கயிற்றை ஒட்டி மூக்கை நீட்டிக்கொண்டு இருப்பது பாதி வேலைதான். பாதி நேரத்தை கிட்டப் பார்ப்பதற்குக் கொடுங்க. அப்புறம் இருபது, முப்பது தப்படி பின்னால் நடந்து, திரும்பி நின்று பாருங்க. எதெல்லாம் மறைந்துபோச்சு, எது இன்னும் தெரியுது? டைல் எண் போச்சு. ஊசித்துளை போச்சு. மெத்தைத் தையல் போச்சு, ஆனால் அந்தப் பரப்பின் மங்கல் மட்டும் மிச்சம். டைல் கோடுகள் கோடுகளாகத் தெரியாமல் ஒரு நரநரப்பாகத் தெரியும். பழைய டைல், புது டைல் நிற வித்தியாசம் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

அந்தத் தூரத்தில் உங்க கண்ணுக்கு மிச்சமிருந்த பட்டியல்தான் உங்க மாடலில் வரவேண்டியது. சிலர் எல்லா விவரத்தையும் திணித்தால்தான் அசல் என்று நினைக்கிறார்கள். என் கட்சி அது இல்லை. கிட்டப் பார்ப்பது புரிந்துகொள்ள. எட்ட நின்று பார்ப்பது எதை விடுவது என்று முடிவெடுக்க. மாடி நடைபாதையை இதற்குப் பயன்படுத்திக்கலாம். அலமாரியில் இருக்கும் மாடலை நாம் மேலிருந்து சாய்வாகத்தானே பார்க்கிறோம், கிட்டத்தட்ட அதே கோணம்.

எந்த வருஷத்து டிஸ்கவரி?

அருங்காட்சியக ஷட்டில் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். அது 2011-ல் உறைந்துபோன உருவம். நீங்க செய்யப்போவது 1990-ல் ஹப்பிளைக் கொண்டுபோன டிஸ்கவரி என்றால், கண்முன் நிற்பதை அப்படியே எடுக்கக்கூடாது.

முதலில் நாசா முத்திரை. 'வார்ம்' என்று செல்லமாகச் சொல்லப்படும் வளைந்த எழுத்து முத்திரைதான் அப்போது ஷட்டிலில் இருந்தது. 'மீட்பால்' எனப்படும் நீல வட்ட முத்திரைக்கு 1998-ல்தான் மாறினார்கள். அதற்கு முன்பே நாசாவின் கையைவிட்டுப் போய்விட்டதால், என்டர்பிரைஸின் வலது இறக்கையில் மட்டும் பழைய எழுத்து இன்றைக்கும் இருக்கிறது. அடுத்து, வாலின் அடியில் இருக்கும் பாராசூட் பெட்டி. தரையில் ஓடும்போது வேகத்தைக் குறைக்க விரியும் அந்தப் பாராசூட், 1992-ல் எண்டெவரின் முதல் பயணத்தோடு வந்தது. மற்ற ஷட்டில்களுக்குப் பிறகுதான் பொருத்தினார்கள். ஆக, 1990-ன் டிஸ்கவரிக்கு அந்தப் பெட்டி கிடையாது. கொலம்பியா செய்கிறவர்களுக்கு வேறு தலைவலி. அதன் இறக்கை உடம்போடு சேரும் முன்பகுதி மேலேயும் கறுப்பு, பிற்காலத்தில் வால் உச்சியில் ஒரு குமிழ் வேறு. இவை மற்ற எந்த ஷட்டிலிலும் இல்லை.

பின்பக்கம் போனால் மூணு பெரிய இன்ஜின்கள். அசத்தலாகத்தான் இருக்கும். ஆனால், டிஸ்கவரி பறந்தபோது இருந்த இன்ஜின்கள் அவை அல்ல. ஷட்டில்களின் நிஜ இன்ஜின்களை நாசா கழற்றி, அடுத்த தலைமுறை நிலவு ராக்கெட்டான எஸ்.எல்.எஸ்-க்காக வைத்துக்கொண்டது. காட்சிக்கு நிற்பவை மாதிரி இன்ஜின்கள். வடிவத்துக்கு நம்பலாம், சூட்டில் வெந்த நிறத்துக்கு இவற்றை நம்பாமல், ஓய்வுபெறும் முன் எடுத்த படங்களைப் பாருங்க.

இணையத்தில் படம் தேடுகிறவர்களுக்கும் ஒரு பொறி இருக்கு. உத்வார்-ஹேஸி ஷட்டில் என்று கிடைக்கும் படம் 2012 ஏப்ரலுக்கு முன்னால் எடுத்தது என்றால், அது டிஸ்கவரியே இல்லை, என்டர்பிரைஸ். அந்த ஏப்ரலில்தான் டிஸ்கவரி ஜம்போ விமானத்தின் முதுகில் ஏறி வந்து இறங்கி, என்டர்பிரைஸ் நியூயார்க் கிளம்பியது.

படம் எடுக்கும்போது...

முழு ஷட்டிலும் ஃபிரேமுக்குள் வரணும் என்று வைட் லென்ஸில் எடுப்பது முதல் ஆசை. அதை ஒண்ணு எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுட்டு மறந்துடுங்க. வைட் லென்ஸ் மூக்கை வீங்கவைத்து வாலைச் சுருக்கிவிடும், அளவுக்கு உதவாது. தள்ளி நின்று 2எக்ஸ், 3எக்ஸ் லென்ஸில், பரப்புக்கு நேரெதிராக நின்று எடுங்க. பக்கத்துப் படத்தோடு மூணில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று வரும்படி, மூக்கிலிருந்து வால் வரை வரிசையாக நடந்துகொண்டே எடுத்தால், வீட்டில் ஒட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். முக்காலிக்கும் செல்ஃபி ஸ்டிக்குக்கும் அங்கே அனுமதி இல்லை. ஃபிளாஷ் வேண்டாம். டைலின் பளபளப்பை எரித்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

நிறம்தான் முக்கியம் என்பதால், சாம்பல் அட்டை ஒன்று கொண்டுபோய், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வெச்சுக்கோங்க. ஒயிட் பேலன்ஸ் சரிபண்ண அது போதும். இன்னும் நல்ல யோசனை, நீங்க வீட்டில் பயன்படுத்தும் பெயின்டுகளை ஒரு அட்டையில் சின்னச் சின்னக் கட்டமாகத் தடவி எடுத்துப்போவது. டிஸ்கவரியை ஒரு கண்ணாலும் அட்டையை ஒரு கண்ணாலும் பார்த்து, எந்தக் கட்டம் எதற்கு நெருக்கம் என்று அங்கேயே எழுதிடலாம். எந்த கேமராவும் இதற்கு ஈடு இல்லை.

யாரும் படம் எடுக்காத இடங்களை எடுங்க. சக்கரம் மடங்கும் அறையின் உள்பக்கம், கதவின் தடிமன், கதவைத் தாங்கும் கம்பிகள், சக்கர அச்சு. காக்பிட்டின் ஆறு முன் ஜன்னல்கள் எவ்வளவு உள்வாங்கி இருக்கின்றன, அவற்றைச் சுற்றி மை தீட்டிய மாதிரி இருக்கும் கறுப்புப் பகுதி எங்கே எப்படி முடிகிறது. மூக்கில் திசைதிருப்பும் குட்டி ராக்கெட்டுகள் 16. உங்க கிட்டில் அத்தனை துளை இருக்கா என்று எண்ணிப் பாருங்க.

அடிவயிறு மட்டும் சிக்கல். சக்கரத்தில் நிற்கும் ஷட்டிலின் அடியில் வெளிச்சம் குறைவு, கோணமும் கிடைக்காது. அதற்கு நாசாவே வழி செய்துவைத்திருக்கிறது. கொலம்பியா விபத்துக்குப் பிறகு, விண்வெளி நிலையத்துக்குப் போன ஒவ்வொரு ஷட்டிலும், இணைவதற்கு முன் நிலையத்துக்கு சுமார் 180 மீட்டர் கீழே ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டுத் தன் வயிற்றைக் காட்டும். நிலையத்தில் இருப்பவர்கள் பெரிய லென்ஸ் வைத்து டைல் டைலாகப் படம் எடுப்பார்கள். 2005-ல் இதை முதலில் செய்தது டிஸ்கவரிதான். டைல் உடைந்திருக்கிறதா என்று உயிர்பயத்தோடு எடுத்த படங்கள், இன்றைக்கு மாடல் செய்பவர்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். நாசாவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மேசைக்குத் திரும்பிய பிறகு

நிறத்துக்கு ஒரு தொடக்கம் மட்டும் சொல்றேன், மிச்சத்தை உங்க அட்டை சொல்லும். தாமியா பெயின்டில் எக்ஸ்.எஃப்-2 வெள்ளையோடு, எக்ஸ்.எஃப்-57 பஃப் நிறத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து மூணு வெள்ளை தயார் செய்யுங்க. டைலுக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று, விரிப்புக்கு ஒன்று. கறுப்புக்கு அசல் கறுப்பைத் தொடவே வேண்டாம். எக்ஸ்.எஃப்-85 ரப்பர் பிளாக், எக்ஸ்.எஃப்-69 நேட்டோ பிளாக் இரண்டும் அடித்தளத்துக்குப் போதும். புது டைல்களுக்கு மட்டும் இன்னும் கறுப்பாக, அதுவும் நீங்க எடுத்த படத்தில் இருக்கும் இடத்தில் மட்டும். வெளுத்த டைல்களுக்கு, பள்ளிக்கூடத்து 2பி, 4பி பென்சிலே நல்லா வேலை செய்யும். ஒரு டைல் விட்டு ஒரு டைல் மெதுவாகத் தேய்த்தால் அந்தச் சாம்பல் மினுமினுப்பு வந்துவிடும்.

டைல் கோடுகள் ஆழமாக இருந்தால், பிரைமரை இரண்டு மூன்று தடவை மெல்லிசாக அடித்து, தேய்த்து, பாதிக்குமேல் நிரவிவிடுங்க. கோட்டுக்குள் கறுப்பு வாஷ் விடுகிற பழக்கத்தை இந்த ஒரு மாடலுக்கு மறந்துடணும். கடைசியில் வார்னிஷ். டைல் பகுதிக்கு சாட்டின், துணிப் பகுதிக்கு மேட். இந்த ஒரு வித்தியாசமே, பார்ப்பவர்களுக்குக் காரணம் தெரியாமலே மாடலை நிஜமாக்கிவிடும்.

அமெரிக்கப் பயணம் திட்டத்தில் இருந்தால், தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான அமெரிக்க பட்ஜெட் சட்டத்தில், ஒரு விண்கலத்தை நாசா மையம் ஒன்றின் பகுதிக்கு இடம்மாற்ற 85 மில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். சட்டத்தில் டிஸ்கவரியின் பெயர் இல்லை. ஆனால், டெக்சாஸ் செனட்டர்கள் குறிவைத்தது டிஸ்கவரியை, ஹூஸ்டனுக்கு. 2012-லேயே முழு உரிமையும் எங்களுக்கு வந்துவிட்டது என்கிறது அதைப் பராமரிக்கும் ஸ்மித்சோனியன். ஷட்டிலைச் சுமந்த இரண்டு ஜம்போ விமானங்களும் ஓய்வுபெற்று அவையே காட்சிப்பொருளாகிவிட்டன. ஆகவே, தரை வழியோ நீர் வழியோ கொண்டுபோக டிஸ்கவரியைப் பிரிக்க வேண்டியிருக்கும், பிரித்தால் டைல்களும் மெத்தைகளும் சேதமாகும் என்பது அவர்களின் கவலை. மாடல் செய்பவர்களுக்கு இது வெறும் அரசியல் சண்டை இல்லை. 39 பயணங்கள் எழுதிவைத்த கறைகளும் டைல் வரிசையும் ஒரு தடவை கலைந்தால், அதே இடத்தில் அதே மாதிரி திரும்ப வராது.

வாய்ப்பு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கு. அப்போலோ 11 பயணத்தில் நிலவு வரை போய்வந்த கொலம்பியா என்ற கட்டளைக் கலத்தை ஸ்மித்சோனியன் முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. 3டி பிரின்டர் இருந்தால் அச்சிட்டே பார்க்கலாம். இந்தியாவை விட்டுப் போகாமலே நிஜ விண்கலம் பார்க்கணும் என்றால் டெல்லி நேரு கோளரங்கம். 1984-ல் ராகேஷ் ஷர்மா பூமிக்குத் திரும்பிய சோயுஸ் டி-10 கலம் அங்கே இருக்கிறது. குறுக்களவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், 1/35 அளவில் செய்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். டெல்லிக்குச் சுற்றுலா போகும்போது அந்தப் பெயின்ட் அட்டையை மறக்காமல் எடுத்துட்டுப் போங்க. கருகிய உலோகத்தின் நிறம் ஷட்டிலின் டைலைப் போல இருக்காது, அதற்குத் தனியாக நாலைந்து பழுப்புக் கட்டங்கள் சேர்த்துத் தடவிக்கணும்.